செவலையின் முதுகு

15 செப்டம்பர், திங்கள்.
இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான். தெருவில் திரியும் கால்நடைகளை அடைக்கும் பவுண்டில் இருக்கும் செவலைக் குதிரைக்கு "முதுகில் அழுகிய புண், நேரில் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்தது உண்மை. தூறலுக்குப் பயந்து கம்பிக் கதவுக்கு வெளியே கூரையடியில் நின்று பார்த்தேன். கிட்டே போகவில்லை.

மாலை வகுப்பு தொடங்குமுன் இவ்வளவும் எழுதிய தமிழ்மதி, "சிறியதுதான்" என்ற சொல்லின் கீழ் கோடு போட்டாள். பிறகு அந்தக் கோடு தேவைதானா என்று யோசித்தாள். அவள் அப்படித்தான். உள்ளாட்சி அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, பூட்டிய அலமாரியை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் வீடு திரும்பியதில்லை.

அன்றைய பாடம் இயற்கை நீதி. குற்றம் சாட்டியவரே தீர்ப்புச் சொல்லக்கூடாது. மறுதரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது. போட்டித் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. தமிழ்மதி தடுமாறாமல் ஒப்பித்தாள். "நல்லாச் சொன்னீங்க" என்றார் ஆசிரியர். குதிரையின் நினைவு வந்ததால் அந்தப் பாராட்டு அவளுக்கு இனிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் பவுண்டுக்குப் போனபோது வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மேற்பார்வையாளர் திருமலைச்சாமி. சாலையில் திரியும் கேட்பாரற்ற கால்நடைகளைப் பிடித்து அடைப்பது அவர் பொறுப்பு. மறுபக்கம் வடகவுஞ்சி மலைக்கிராமத்தில் பூண்டு போடும் காளியாயி. குதிரை அவளுடையது. தமிழ்மதி எழுதியதை வைத்து, புதன்கிழமை காலை லாரி வந்தால் செவலை மலைக்குக் கீழே உள்ள காப்பகத்துக்குப் போய்விடும். கீழே போன எதுவும் மேலே திரும்பி வந்ததில்லை.

"ஏத்தா, நீதான் எழுதுனியா, என் குதிர அழுகிப்போச்சுன்னு?" காளியாயி தமிழ்மதியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க."

"கை வச்சுப் பாத்தியா?"

"இல்லங்க."

"கண்ணாலயே மோந்து பாத்தியாக்கும்!"

"அந்தப் பிள்ளைய ஏன் வையிற?" என்றார் திருமலைச்சாமி. "ரோட்டுல அநாதையாத் திரிய விட்டது நீயி."

"ரோட்டுலயா விட்டேன்? புல்லுமேட்டுல விட்டேன். பூண்டு சுமந்து முடிஞ்சா ஊருக் குதிரைக பூராத்தையும் மேல பத்தி விடுறது எங்க வழக்கம். சேணம் உரசுன முதுகு ஆறட்டும்னுதான் விட்டேன். ஈ அண்டக்கூடாதுன்னு வேப்பெண்ணெயில கரியக் கொழச்சுப் பூசியிருக்கேன். உங்க கண்ணுக்கு அது அழுகலாத் தெரியுதா?"

திருமலைச்சாமி குரலைத் தாழ்த்தினார். "போன வருசம் ஒரு குதிரை பஸ்ஸுல அடிபட்டு ரோட்டோரமாக் கெடந்துச்சு. சாகுறவரைக்கும் பக்கத்துல நின்னவன் நானு. அதோட சொந்தக்காரனும் வழக்கம்னுதான் சொன்னான்."

தமிழ்மதிக்கு இருவர் சொல்வதும் நியாயமாகப்பட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"சார்... டாக்டர் ஒரு தடவ பாத்துட்டா..."

"பிடிச்சது நானு, பாத்தது நானு. நீயும் கையெழுத்துப் போட்டாச்சு. இன்னும் யாரு பாக்கணும்?"

"நீங்க பிடிச்சீங்க சார், அதனாலதான் வேற ஆளு பாக்கணும். நான் போட்ட கையெழுத்து தப்பு. நான் சரியாப் பாக்கல."

நின்றால் அழுதுவிடுவோம் என்று கதவைத் திறந்து உள்ளே போனாள்.

பக்கத்தில் குதிரை இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஈர மண்ணும் புல்லும் கலந்த வாசம். முதுகின் கறுப்பில் விரல் வைத்தாள். எண்ணெய்ப் பசையாய் வழுக்கியது. மெல்லத் துடைத்தாள். அடியில் சீழ் இல்லை. குழந்தையின் உள்ளங்கை நிறத்தில் புதுத்தோல். அவள் விரலுக்குக் கீழே அந்தத் தோல் தானாகச் சிலிர்த்து அடங்கியது. செவலை கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கம்பிக் கதவும் மூடுபனியாய்ப் படர்ந்த மஞ்சும் அவளும் சின்னதாகத் தெரிந்தன. அழுகிப்போனது என்று தான் எழுதிய உடம்பு இப்படி உயிர்ச்சூட்டோடு இருக்கிறதே என்று கையை எடுக்காமல் நின்றாள்.

மேலே மஞ்சுக்குள் எங்கேயோ ஒரு கனைப்புக் கேட்டது. செவலையின் காதுகள் விறைத்தன.

திருமலைச்சாமி உள்ளே வந்து அந்தப் புதுத்தோலைக் குனிந்து பார்த்தார். போனை எடுத்து டாக்டரை அழைத்தார்.

பண்ணைக்காட்டில் முகாம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கால்நடை மருத்துவர் ரோகிணி மதியம் வந்தார். முதுகைப் பார்த்தார். "நல்லா ஆறிக்கிட்டிருக்கு." காளியாயி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். மருத்துவர் காலைத் தூக்கினார். "ஆனா குளம்பப் பாருங்க. வளந்து, ஓரம் வெடிச்சிருக்கு. நடக்குறப்பல்லாம் வலிக்கும். இது உங்க தப்பும்மா."

"லாடக்காரன் பழனியிலருந்து வரணும்..."

"வர வைங்க. முதுகு முழுசா ஆறுற வரைக்கும் சுமை ஏத்தக்கூடாது. ரோட்டுப் பக்கம் விடக்கூடாது. நாங்க வந்து பாப்போம்."

"செஞ்சுருதேன் தாயி." இந்த முறை காளியாயி நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மருத்துவர் குளம்பின் நீண்ட ஓரத்தை வெட்டிச் சீராக்கினார். விடுவிக்கும் உத்தரவு வாங்கி வந்த திருமலைச்சாமியே கதவைத் திறந்துவிட்டார். காளியாயி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாக்கை மடித்து நீளமாக ஒரு சத்தம் கொடுத்தாள்.

மஞ்சு விலகியது. யாரோ போர்வையை இழுத்ததுபோல் மேட்டிலிருந்து மெல்ல வழிந்து பள்ளத்தில் இறங்கியது. பவுண்டுக்கு மேலே, புல் சரிவு முழுக்க, குதிரைகள். கறுப்பு, வெள்ளை, சாம்பல், தாயை ஒட்டி நிற்கும் குட்டி. முதுகெல்லாம் நனைந்திருந்தன. ஒன்றுகூட மேயவில்லை. எல்லாம் கதவையே பார்த்து நின்றன.

"இத்தன நாளும் இங்கயேவா நின்னுச்சுக?" திருமலைச்சாமியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"கூட்டாளிய விட்டுட்டு எங்கிட்டுப் போகும்?" என்றாள் காளியாயி.

செவலை கனைத்தது. மேடே பதில் சொன்னதுபோல் அத்தனையும் கனைத்தன. தமிழ்மதியின் நெஞ்செலும்பில் அது அதிர்ந்தது. செவலை லேசாக நொண்டியபடி காளியாயியோடு மேலேறியது. குதிரைகள் ஒதுங்கி வழிவிட்டு, பிறகு சுற்றிக்கொண்டன. மஞ்சு மறுபடி மூடியது. வெறும் வெள்ளை. தனக்குப் பின்னால் பவுண்டுக்குள் ஏதோ அசையும் சத்தம் கேட்ட பிறகே தமிழ்மதி திரும்பினாள்.

16 செப்டம்பர், செவ்வாய்.
நேற்று சிறியது என்று எழுதியது சரியில்லை. செவலை தன் கூட்டத்தோடு போய்விட்டது. பவுண்டில் இன்னும் ஒரு கறுப்புப் பசு இருக்கிறது. "நோயுற்றது, நேரில் பார்த்தேன்" என்று அதற்கும் நான்தான் எழுதினேன். அதையும் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். அதைத் தேடி யாரும் வரவில்லை.
நாளை: வெள்ளனே போய், லாரி வருமுன் பசுவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். டாக்டரையும் கூப்பிட வேண்டும்.