டோபியின் சாலை

"கிழிச்சாத்தான் மேடம் மெஷின் எடுக்கும்," என்றான் டிராவிஸ். சந்திரனுக்குப் போன விண்கலங்களின் கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராம்களைத் தேடி, வீடு வீடாகப் போய்ப் பழைய தாள்களை ஒரு காப்பகத்துக்காக ஸ்கேன் செய்கிறவன். சம்பளம் கிடையாது. காலையிலிருந்து என் கராஜைக் குடைந்து அந்தத் தாள்கட்டைக் கண்டுபிடித்திருந்தான். ஒன்றோடொன்று ஒட்டி, மடிந்து மடிந்து வரும் தாள். என் வீட்டுக்காரர் மெர்வின் எழுதியது. ஆட்களைப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவரும் பகுதியாம். வேறெங்கும் பிரதி இல்லையாம். மெர்வின் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. இன்னமும் அந்தக் கம்ப்யூட்டரின் பேரைக் கேட்டாலே எனக்கு அலுப்பு. அவருக்கு அதுதான் பெண்டாட்டி, நான் சமையற்காரி.

முன்பக்கம் புரோகிராம். பின்பக்கம் என் மகன் டோபியுடையது. மெர்வினோடு லேபில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் இந்தத் தாளில்தான் படம் போட்டு வளர்ந்தார்கள். அப்பாவின் ஆபீஸ் வரைக்கும் சாலை போடுகிறேன் என்று என் பிள்ளை கிரேயானால் இழுத்துக்கொண்டே போனான். ஏழு வயது முடிவதற்குள் ரத்தப் புற்றுநோய் அவனைக் கொண்டுபோய்விட்டது.

"கிழிக்கக் கூடாது, தம்பி."

"பின்னாடி படத்துக்கு ஒண்ணும் ஆகாது மேடம். பத்திரமா பிரிச்சு..."

"ரோட்டைத் துண்டு துண்டா ஆக்கிட்டு ஒண்ணும் ஆகாதாம்!"

அவன் முதல் தாளில் விரலை வைத்தான். பிறகு மெதுவாக, "இந்தக் கட்டுல மட்டுந்தான் சார் பேரு இருக்கு மேடம்," என்றான்.

மெர்வின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதற்காக மனுஷன் இருந்ததையே இல்லையென்று ஆக்கிவிட முடியுமா?

"தரையில விரி. கேமராவுல எடு."

"முட்டி போயிடும் மேடம்."

"போகட்டும். எனக்கு ரெண்டும் எப்பவோ போயாச்சு."

சமையலறையில் தொடங்கி நடை முழுக்க, புரோகிராம் மேலே தெரிய விரித்தோம். தவழ்ந்து தவழ்ந்து எடுத்து முடித்து, மடிக்கக் குனிந்தான்.

"திருப்பிப் போடு. அந்தப் பக்கமும் எடு."

"காப்பகத்துல அதைச் சேர்த்துக்க மாட்டாங்க மேடம்."

"நீ எடு."

கிழியாமல் திருப்புவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கிவிட்டது. அடுப்போரம் பச்சை வீடு; அங்கிருந்து கறுப்புச் சாலை. பல தாள்களில் சாலையைத் தவிர ஒன்றுமே இல்லை. வீட்டு நீளம் போதாமல் கடைசித் தாள்கள் வாசற்கதவைத் தாண்டிப் படிக்கட்டில் கிடந்தன. அங்கே ஒரு சிவப்புக் கார், ஜன்னலை அடைத்துக்கொண்டு மெர்வினின் பெரிய தலை, வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. காற்று கதவைத் தள்ளியது. அது மூடிவிடாமல் முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.