அக்காவின் முகம் இன்னும் வரவில்லை

ஈரோட்டில் அக்காவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி, கட்டடத்தைக் காலி செய்துவிட்டுத் தன் வலைத்தளத்துக்கே குடிபோய்விட்டது. நோயாளிகளையும் கூடவே கொண்டுபோனார்கள். காலையில் அக்காவுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பார்க்கப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு ஆள் குறுக்கே குதித்தார்.

"குக்கீ ஏத்துக்கறீங்களா?"

"எங்கக்காவைப் பாக்கணும்."

"இப்ப ஏத்துக்கறீங்களா, அப்புறமா ஏத்துக்கறீங்களா?"

ஏற்றுக்கொண்டேன். அவர் தரைக்குள் இறங்கிப் போனார்.

தளத்தை வடிவமைத்த நிரஞ்சன் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான். கறுப்புச் சட்டை. தன் கண்டுபிடிப்புகளைக் காட்டாமல் அவன் யாரையும் விடுவதில்லை.

"சௌந்தரின்னு பேரு. எந்த வார்டு?" என்றேன்.

"வார்டெல்லாம் பழசுங்ணா. இப்ப எல்லாமே ஒரே பக்கம். கீழ போயிட்டே இருங்க. வருவாங்க."

நடந்தேன். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. மருத்துவர்கள் சுவரில் படம் மாறுவதுபோல ஒருவர் பின் ஒருவராக நகர்ந்துகொண்டிருந்தார்கள். இதய மருத்துவரிடம் தொடங்கிய கேள்வியைப் பல் மருத்துவரிடம்தான் முடிக்க முடிந்தது. அவரும் சிரித்தபடி நகர்ந்துவிட்டார்.

"குளிர்ச்சியா இருக்குதுங்களா?" என்றான் நிரஞ்சன்.

"ஒண்ணும் படிக்க முடியல. சுவரும் சாம்பல், எழுத்தும் சாம்பல்."

"படிக்கறதுக்கு இல்லீங்ணா. அனுபவிக்கறதுக்கு."

இப்படிப் பேசுகிறவர்களுக்கு விருது கொடுக்கிறார்கள். இவனுக்கும் கொடுத்திருந்தார்கள். அந்தத் தளத்தில் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"குடிக்கத் தண்ணி எங்க?"

"அந்த மேல் மூலையில மெனுன்னு மூணு கோடு இருக்குதுல்ல, அதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கோமுங்ணா. சுத்தமா இருக்குதுல்ல?"

மூன்று கோட்டின் முன்னால் நோயாளிகள் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அது திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

ஒரு வழியாக அக்கா வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள். முதலில் பாதமும் மெட்டியும். பிறகு சேலை. கழுத்து வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேலே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியாடா?" என்றது வட்டம்.

"வலிக்குதாக்கா?"

"வலி முழுசா வந்துருச்சு. மூஞ்சிதான் வரல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை அவளுடையதுதான். நிரஞ்சன் குனிந்து பார்த்தான்.

"இவங்க முகம் ரொம்ப கனமுங்ணா. சுருக்கம், தழும்பு, எல்லாம் கெடக்குது. வர நேரமாகும். அது வரைக்கும் ஒண்ணு வெச்சுடறேன்."

"வேண்டாம்," என்றேன். அதற்குள் வைத்துவிட்டான்.

வட்டம் நின்றது. ஒரு வெள்ளைக்காரியின் முகம் வந்தது. எல்லாப் பற்களும் தெரிந்தன. வங்கி, பள்ளிக்கூடம், பூச்சிமருந்துக் கடை என்று எல்லாத் தளத்திலும் வேலை பார்க்கும் முகம்.

"என்னடா பாக்கறே? நல்லாருக்கனா?"

"நல்லாருக்கேக்கா."

அந்தச் சிரிப்பின் மேல் கண்ணீர் வழிந்தது. சிரிப்பு நிற்கவில்லை.

"என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா."

கட்டிலின் மூலையில் மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவுக்கு இருந்தது. விரலைக் கொண்டுபோனேன். அது விலகி ஓடியது. மறுபடியும் கொண்டுபோனேன். மறுபடியும் ஓடியது.

"வந்தவங்க சட்டுனு போயிரக் கூடாது பாருங்க," என்றான் நிரஞ்சன். அவனுக்கு அதில் பெருமை.

அதைப் பிடிக்கும் எண்ணத்தை விட்டேன். அக்காவை முதுகில் தூக்கிக்கொண்டு, வந்த வழியே மேலே நடக்கத் தொடங்கினேன். நிரஞ்சன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"எங்க சேவை எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கக்கா!"

அக்கா என் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வெளங்கவே மாட்டே. உன் கையில கட்டை மொளைக்க."

அவன் அந்தப் பல்வரிசையைப் பார்த்து மலர்ந்துபோனான்.

"பாத்தீங்களாங்ணா? எல்லாரும் சிரிச்சுட்டேதான் போறாங்க."