மெசின் எழுப்புகிற ரீச்சர்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் மீனாம்பிகை கொம்பியூட்டர் வகுப்பு நடத்திவந்தாள். மூன்று கொம்பியூட்டர், ஒரு பிறிண்டர், உட்கார இரண்டு நீள வாங்கு, இவ்வளவும்தான் வகுப்பு. கூடப் படித்த பாலேஸ்வரி அதில் பங்காளி. நீர்வேலியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து போவாள்.

அங்கே படிக்க வந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் தேடி வந்தது ‘தூவல்’ என்ற புரோகிராமை. அந்தக் காலத்துக் கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தமிழ் படிப்பித்தவர் குருநகரில் இருந்த கனிசியஸ். கப்பலில் ரேடியோ ஒபிசராக இருந்து, சிங்கப்பூரில் ஒரு கொம்பியூட்டரை வாங்கிக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். பிறிண்டரின் தலையில் ஊசிகள் நிரையாக நிற்கும். எந்த ஊசி எந்தக் கணத்தில் நாடாவில் குத்தவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால்தான் தாளில் ஓர் எழுத்து விழும். கனிசியஸ் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, அதைக் கொம்பியூட்டருக்கு விளங்கும் எண்களாக மாற்றினார். “ஞானா எழுத்தோடை மட்டும் மூண்டு கிழமை சண்டை பிடிச்சவர்” என்று அவர் மனைவி யோசப்பின் சொல்லிச் சிரிப்பாள்.

தூவல் ஒரு கறுப்பு டிஸ்கில் வரும். உள்ளே காந்தப் பூச்சுப் பூசிய மெல்லிய வட்டம், மேலே சதுரமான உறை. டிஸ்கைக் கொப்பி எடுப்பது லேசான வேலை என்பதால், கனிசியஸ் அதற்கு ஒரு பூட்டுக் கண்டுபிடித்திருந்தார். தையல் ஊசியை எடுத்து வட்டத்தின் ஓரிடத்தில் மெல்லக் கீறிவிடுவார். கீறிய இடத்தில் கொம்பியூட்டரால் எதையும் எழுத முடியாது. தூவல் தொடங்கியவுடன் முதல் வேலையாக அந்த இடத்தில் எதையாவது எழுதிப் பார்க்கும். எழுத முடியாவிட்டால், இது கனிசியஸின் கையால் வந்த டிஸ்க்தான் என்று நம்பி மேலே போகும். கொப்பி எடுத்த டிஸ்கில் கீறல் இராது. அதில் எழுத முடிந்துவிடும். உடனே தூவல் ‘பீப்’ என்று கத்திவிட்டு நின்றுவிடும். நல்ல டிஸ்க் கதவைத் திறக்காது, காயப்பட்ட டிஸ்க்தான் அந்தப் பூட்டுக்குத் திறப்பு.

இவ்வளவு கெட்டித்தனமான பூட்டிலும் ஓர் ஓட்டை இருந்தது. தூவல் ஒருமுறை கொம்பியூட்டரின் நினைவில் ஏறிவிட்டால் பிறகு டிஸ்க் தேவையில்லை. வெளியே எடுத்துவிடலாம். கறன்ற் போகும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். எடுத்த டிஸ்கை அடுத்த கொம்பியூட்டரில் போட்டால் அதுவும் தொடங்கும்.

தைப்பொங்கல் கழிந்து, மீனாம்பிகை டிஸ்க் வாங்கப் போனபோது கனிசியஸ் அதையும் மறைக்காமல் சொன்னார்.

“ஒரு மெசினுக்குத்தான் இதைத் தாறன் ரீச்சர். ஒண்டைப் போட்டு மூண்டையும் ஓட்டலாம், எனக்குத் தெரியும். ஓட்டாதேங்கோ. மற்ற ரெண்டுக்கும் வசதி வரேக்கை வாங்குங்கோ.”

“ஓம் அண்ணை. எழுதித் தரட்டோ?”

“நீங்கள் சொன்னாக் காணும்.”

ஒரு மாதம் அப்படித்தான் ஓடியது. பிறகு பிள்ளைகள் கூடினார்கள். ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் பன்னிரண்டு பேர் நின்று, ஒருவர் ரைப் பண்ண மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் மீனாம்பிகை டிஸ்கை எடுத்து இரண்டாவதில் போட்டாள், பிறகு மூன்றாவதில்.

“கனிசியஸ் அண்ணை அறிஞ்சால்?” என்று பாலேஸ்வரி கேட்டாள்.

“நாங்கள் கொப்பி அடிக்கேல்லையே. டிஸ்க் எந்த நேரமும் ஒரு மெசினுக்கைதானே கிடக்கு? மிச்ச நேரம் மேசை லாச்சிக்கை சும்மா கிடந்து ஆருக்கு என்ன லாபம்? அவருக்கு இதாலை ஒண்டும் குறையேல்லை.”

“எடியே, நீ கோட்டிலை நிண்டு வாதாட வேண்டிய ஆள்.”

வகுப்பறைக் கதவு நம்பத்தக்கதல்ல. மீனாம்பிகையின் வீடும் இராணுவ முகாமுக்குப் பக்கத்தில். சோதனை என்று எந்த நேரமும் ஆட்கள் உள்ளே வந்து எல்லாவற்றையும் கிளறுவார்கள். ஆகவே பாலேஸ்வரியே டிஸ்கை இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, கைப்பையில் போட்டு, நீர்வேலிக்குக் கொண்டுபோய்க் காலையில் கொண்டுவருவாள்.

ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் டிஸ்க் செத்தது. ‘கர்… கர்…’ என்று தேங்காய் துருவுகிற சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. வருகிற சனிக்கிழமை ஒரு கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. பிள்ளைகள் தமிழில் ரைப் பண்ணுவதை நேரில் பார்த்து, நாலு பேரை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

“அந்தாள் பழைய டிஸ்கை எங்கடை தலையிலை கட்டிப்போட்டுது போலை. நீ போய்க் கேள். உன்னிலை அவருக்கு நல்ல மதிப்பு” என்றாள் பாலேஸ்வரி.

அன்று மத்தியானமே மீனாம்பிகை குருநகருக்குச் சைக்கிள் மிதித்தாள்.

கனிசியஸ் உறையின் ஓரத்தைக் கத்தியால் பிரித்து, வட்டத்தை வெளியே எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் கோபமில்லை. புதுமையான ஒன்றைப் பார்க்கிற ஆவல்தான் இருந்தது.

“பாருங்கோ ரீச்சர். வாசிக்கிற தலை இந்தக் கீறலிலை உரஞ்சி உரஞ்சி, பூச்சு மா மாதிரி உதிர்ந்திருக்கு. உதிர்ந்தது பக்கத்திலையும் பரவிப்போட்டுது. ஒரு நாளைக்கு ஒருக்கா ரெண்டுதரம் தொடங்கினால் வருசக் கணக்கிலை நிக்கோணும். ஏன் இவ்வளவு கெதியாய்ப் போச்சு? பொறுங்கோ, எண்ணிக்கையைப் பாப்பம்.”

“என்ன எண்ணிக்கை?”

“தொடங்கிற ஒவ்வொரு தரமும் தூவல் டிஸ்கிலை ஒண்டைக் கூட்டி எழுதி வைக்கும். ஒரு டிஸ்க் எவ்வளவு தாங்குது எண்டு அறியத்தான். தெரிஞ்சால் பழுதாக முந்தியே நானே புதுசு கொண்டுவந்து தரலாமெல்லே.”

வட்டத்தை வேறோர் உறைக்குள் செருகித் தன் கொம்பியூட்டரில் போட்டார். நிரை நிரையாக எண்கள் ஓடின. ஓரிடத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

மீனாம்பிகைக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “அண்ணை, நான் மூண்டு மெசினிலையும் போட்டனான். பிள்ளையள் கூடிப்போச்சினம். உங்களிட்டைச் சொல்லாமல் விட்டது பிழைதான்.”

“மூண்டு?”

“ஓம்.”

“கறன்ற் போய் வாறதையும் சேர்த்துத்தான் கணக்குப் பாக்கிறன். மூண்டு மெசினுக்கு இதிலை பாதியும் வராது ரீச்சர். ரெண்டாயிரத்தைத் தாண்டிக் கிடக்கு.”

“அண்ணை, அந்தோனியாரறிய மூண்டுதான்!”

தேத்தண்ணி கொண்டுவந்த யோசப்பின் கோப்பையை மேசையில் வைத்தாள். “எங்கடை அந்தோனியாரை ஏன் பிள்ளை இழுக்கிறாய்? உன்ரை நல்லூரானிலை சத்தியம் பண்ணப் பயமோ?”

“நீ சும்மா இரு யோசப்பின்” என்றார் கனிசியஸ். குரல் தணிந்துபோயிருந்தது. “வியாழக்கிழமை வாருங்கோ ரீச்சர். வரேக்கை முழுக்கதையோடை வாருங்கோ.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு மனம் ஆறவில்லை. ஐந்து மாதம் மறைத்தபோது நம்பிய மனிதர், உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. தூவல்தான் பிழையாக எண்ணியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்றோடு ஒன்றைக் கூட்டுவதில் ஒரு கொம்பியூட்டர் பிழை விடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவளும் அவள்தான்.

அடுத்தநாள் செவ்வாய்க்கிழமை. அன்று ஊரடங்கு போட்டிருந்தார்கள். புதன்கிழமை வகுப்பைத் திறக்க வந்தபோது வாசல் படலையில் மூன்று ஆம்பிளைகள் சைக்கிளோடு நின்றார்கள். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

“ரீச்சர் வரேல்லையோ?” என்று அவளையே கேட்டார், கை முழுக்க மையாக நின்ற ஒரு பெரியவர்.

“நான்தான் ரீச்சர்.”

“நீங்களில்லைப் பிள்ளை. மெசின் எழுப்பிற ரீச்சர்.”

“என்ன?”

“நான் உரும்பிராயிலை அச்சுக்கூடம் வைச்சிருக்கிறன். ரீச்சர் காலமை சைக்கிளிலை போகேக்கை இறங்கி, டிஸ்கைப் போட்டு மெசினை எழுப்பிவிட்டுட்டுப் போவா. நேற்று ஊரடங்கு, சரி. இண்டைக்கும் ஆளைக் காணேல்லை. கலியாணக் காட் ஒண்டு அடிச்சுக் குடுக்கோணும், மாப்பிளை வீட்டுக்காரர் என்னை அடிக்கப் போகினம்.”

“எனக்குக் கோண்டாவில்” என்றார் மற்றவர். “கறன்ற் போனால் அண்டைக்கு வேலை அவ்வளவுதான். பின்னேரம் ரீச்சர் திரும்பி வரேக்கைதான் மெசின் பிறகும் எழும்பும். அதுக்காக நாங்கள் மெசினை நிப்பாட்டுறதே இல்லை. சூட்டிலை பக்கத்திலை நிக்கேலாது.”

மூன்றாவது ஆள் நீர்வேலி. பாலேஸ்வரியின் அத்தானுடைய அச்சுக்கூடத்தில் வேலை செய்பவன். அங்கே இரண்டு மெசின், ஞாயிறும் ஓடுகிறது என்று பெருமையாகவே சொன்னான்.

மீனாம்பிகை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால்காரன் வீடு வீடாய்ப் பால் ஊற்றுவதுபோல, ஒரு டிஸ்க் தினமும் காலையில் நீர்வேலியிலிருந்து வழி நெடுகக் கொம்பியூட்டர்களை எழுப்பிக்கொண்டு, கடைசியாகத்தான் தன்னிடம் வந்திருக்கிறது. தன் வகுப்பு அந்தப் பால்காரனுடைய கடைசி வீடு.

பாலேஸ்வரியின் சைக்கிள் ஒழுங்கை முகப்பில் திரும்பியது. ஆட்களைக் கண்டதும் காலை ஊன்றி நின்றாள். பிறகு வேறு வழியில்லாமல் உருட்டிக்கொண்டு வந்தாள்.

“எவ்வளவு காலமாய்?” என்றாள் மீனாம்பிகை.

“உள்ளை போய்க் கதைப்பம்.”

“இஞ்சையே கதை. இவையளுக்குத் தெரியாதது ஒண்டுமில்லை, எனக்குத்தான் தெரியாது.”

“பங்குனியிலை இருந்து. இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? போற வழியிலைதானே?”

“சும்மாவே எழுப்பினனீ?”

“சைக்கிளுக்குக் காத்தடிக்கவாவது காசு வேண்டாமே?” என்றாள் பாலேஸ்வரி. உரும்பிராய்ப் பெரியவர் சிரித்துவிட்டு, ஒருவரும் கூடச் சிரிக்காததைக் கண்டு இருமினார்.

“நேற்று முந்தநாள் என்னைத் தனிய அனுப்பினியே. ‘உன்னிலை நல்ல மதிப்பு’ எண்டு. அந்தாளுக்கு முன்னாலை நான் கள்ளியாய் நிண்டனான் பாலேஸ். மூண்டு மெசின் எண்டு சத்தியம் பண்ணினனான்.”

பாலேஸ்வரியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு நிமிர்ந்தாள். “நான் என்ன கொப்பி அடிச்சனானே? டிஸ்க் எந்த நேரமும் ஒரு மெசினுக்கைதான் கிடந்தது. லாச்சிக்கை சும்மா கிடந்து ஆருக்கு லாபம்? உனக்கு இதாலை என்ன குறைஞ்சது? இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?”

“நான் சொன்னது பிள்ளையளுக்காக.”

“நீ மூண்டு போட்டால் பிள்ளையளுக்காக, நான் ஏழு போட்டால் களவு. நல்ல சட்டமடி உன்ரை சட்டம்.”

“என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“நீ கனிசியஸ் அண்ணையிட்டைச் சொன்னனியே?”

அந்தக் கேள்வி மீனாம்பிகையின் கோபத்தைக் குறைக்கவில்லை. கைப்பையைத் திறந்து தரச் சொன்னாள். அதிலிருந்த வகுப்புத் திறப்பை எடுத்துக்கொண்டாள். “இனி இஞ்சை வராதை” என்றாள். பாலேஸ்வரி சைக்கிளைத் திருப்பினாள். மூன்று ஆம்பிளைகளும், யாரோடு போவது என்று தெரியாமல் சற்று நின்று, அவளுக்குப் பின்னால் போனார்கள்.

வியாழக்கிழமை குருநகரில் மீனாம்பிகை முழுவதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்தது. “பத்து வயதிலை இருந்து ஒரே வாங்கிலை இருந்த ஆக்கள் அண்ணை. பச்சைத் துரோகம்.”

முடிந்ததும் கனிசியஸ் மெல்லச் சொன்னார். “அவவிலை உங்களுக்கு இப்ப என்ன கோவமோ, அதுதான் திங்கட்கிழமையிலை இருந்து எனக்கு. ஏழு மெசின் எண்டதிலை இல்லை ரீச்சர். நீங்கள் போட்ட மூண்டிலை.”

எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்து வந்து நீட்டினார். “பிள்ளையளுக்குச் சனிக்கிழமை அலுவல் கிடக்கெல்லே. இந்தாங்கோ. பூட்டில்லை.”

“பூட்டில்லையெண்டால்?”

“கீறேல்லை. அந்தச் சோதிக்கிற பகுதியையும் புரோகிராமிலை இருந்து எடுத்துப்போட்டன். எத்தினை மெசினிலையும் ஓடும், எத்தினை கொப்பியும் எடுக்கலாம். இனி இதிலை நான் மினக்கெடேல்லை. திரும்பக் கப்பல் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறன்.”

“வேண்டாம் அண்ணை. கீறித் தாங்கோ. ஒரு மெசினிலைதான் போடுவன். நீங்களே வந்து பாருங்கோ.”

“வந்து பாத்துத்தான் நம்போணுமெண்டால் நான் உங்களுக்கு அண்டைக்கே தந்திருக்கமாட்டன்” என்றார்.

யோசப்பின் படலைவரை வந்து, சைக்கிளை வெளியே எடுக்கக் கொளுக்கியைத் தூக்கிப் பிடித்தாள்.

சனிக்கிழமை சங்கத்திலிருந்து இருவர் வந்தார்கள். மீனாம்பிகை நடுக் கொம்பியூட்டரை மட்டும் தொடங்கினாள். டிஸ்கை உள்ளேயே விட்டாள். எடுக்கக்கூடாது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். முதற் பிள்ளை ரைப் பண்ணினாள், பிறகு இரண்டாவது. ஒவ்வொருத்தியும் ஒரு பக்கம் அடிக்கவேண்டும், அடித்ததைப் பிறிண்டர் கீச்சிட்டுக்கொண்டு வரி வரியாகக் கக்கவேண்டும். நாலாவது பிள்ளை முடிக்கும்போது வந்தவர்களில் மூத்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“மற்ற ரெண்டும் பழுதோ ரீச்சர்?”

“இல்லை ஐயா.”

“பிறகேன் சும்மா கிடக்கு? நாங்கள் பன்னிரண்டுக்கு வெளிக்கிட வேணும். பின்னேரம் ஊரடங்கெண்டு கதைக்கினம்.”

வாங்கில் எட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். கடைசியில் இருந்தவள் வட்டுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பராசக்தி. மடியில் வைத்த விரல்களால் பாவாடையில் ரைப் பண்ணிப் பழகிக்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லோரையும் விட வேகமாக அடிப்பவள் அவள்தான்.

மீனாம்பிகை எழுந்து போய் டிஸ்கை வெளியே இழுத்தாள். அது சுலபமாக வந்தது. இரண்டாவதில் போட்டாள். பழைய டிஸ்க் கீறலைத் தேடும்போது வழமையாய் வரும் சிறு உறுமல் இல்லை. ஒன்றும் கேளாமல், ஒருவரையும் சோதியாமல் தூவல் திறந்தது. மூன்றாவதிலும் அப்படியே திறந்தது. அவளுக்கு இந்தமுறையும் ஒரு நல்ல காரணம் இருந்தது.

“பராசக்தி, நீ இதிலை வந்திரு” என்றாள்.