கை காட்டினால் நிற்கும் பஸ்

கனகலட்சுமியின் கேம் கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியதிலிருந்தே ராஜஸ்ரீக்கு வயிறு எரிந்தது. கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் இருந்தவள். இன்று அவளுக்குக் கீழே நாற்பது பேர், ஏசி, லிஃப்ட். ராஜஸ்ரீக்கு ஆனையூரில் மாடியில் ஒற்றை அறை, தானே ஒண்டியாகச் செய்யும் கேம். கனகத்தின் புது ஆபீஸைப் பார்க்க லிஃப்டில் ஏறியபோது, அதன் கண்ணாடியில் தெரிந்த, பொறாமையில் கறுத்த தன் முகம் அவளுக்கே பிடிக்கவில்லை.

கனகம் தன்னுடைய மினி பஸ் கேமை விளையாடக் கொடுத்தாள். திரையில் பஸ் பரவை மார்க்கெட்டைத் தாண்டியதும், கூடையோடு நின்ற ஒரு அம்மா கை காட்டினார். ராஜஸ்ரீ பிரேக் போட்டாள். திரை சிவந்து, பத்து பாயிண்ட் போனது.

“என்னடி இது? கை காட்டுனா நிக்காத மினி பஸ் நம்ம ஊர்ல ஏது?”

“நிக்கிற மாதிரித்தான்டி செஞ்சேன். ஸ்டாப் இல்லாத எடத்துல நிக்கக் கூடாதுன்னு, கம்பெனிய வாங்குனவங்க மாத்தச் சொல்லிட்டாங்க. எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்.” கனகம் குரலைத் தாழ்த்தினாள். “ஒன் கேம்ல எதையாச்சும் மாத்தணும்னா நீ யார்ட்ட கேப்ப?”

“நான் யார்ட்டடி கேக்கணும்?”

கனகம் அவளையே பார்த்தாள். லிஃப்ட் கண்ணாடியில் ராஜஸ்ரீ பார்த்த அதே முகம், இப்போது கனகத்துக்கு.