பங்குக் கிணற்றில் உப்பு

விடியும்போது நல்ல தண்ணீராக இருந்த கிணறு, காலை ஒன்பது மணிக்குக் கரித்தது. மறுநாள் விடியும்போது பார்த்தால் மறுபடியும் நல்ல தண்ணீர். ஒன்பது மணிக்கு மறுபடியும் உப்பு. மூன்று வாரமாக இப்படித்தான். யாரோ இராத்திரியில் கிணற்றைக் கழுவிவிட்டுப் போவதுபோல் இருந்தது. எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அங்கே மலையிலிருந்து பீலி வழியாகத் தண்ணீர் தானாக வரும். கிணற்றைக் கிட்ட நின்று பார்த்ததே இருபத்து மூன்று வயதில், எங்கள் சபை என்னை ஊழியத்துக்காகக் கல்முனைக்கு அடுத்த பாண்டிருப்புக்கு அனுப்பிய பிறகுதான். சபை வாடகைக்கு எடுத்த வீடு ஊரின் எல்லையில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மருதமுனை. கிணறு இரண்டு வளவுக்கும் நடுவில். இதைப் பங்குக் கிணறு என்பார்கள். வட்டத்தில் பாதி எங்கள் பக்கம், பாதி அடுத்த வீட்டுப் பக்கம். மதில் கிணற்றுக்கு மேலே ஒரு பாலம்போல் கடந்து போகும்.

அடுத்த வீடு உம்மு தாத்தாவுடையது. இங்கே முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் வாயில் வர ஒரு மாதம் பிடித்தது. அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் கட்டும் சாரம் நெய்கிற தறிக்காரர்களுக்கு நூலில் சாயம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். சாயம் போட்ட நூலைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் கணவர் பதியுதீன் காக்காவின் வேலை; அண்ணனுக்கு இங்கே காக்கா என்று பெயர்.

என் நாள் ஐந்து மணி ஜெபத்தோடு தொடங்கும். ஐந்தரைக்கு மோட்டரைப் போடுவேன். ஹட்டன் சபை காணிக்கை எடுத்து வாங்கித் தந்த மோட்டர் அது. ஆயிரம் லீற்றர் டாங்கி நிறைந்ததும் வாசல் படலைக்கு வெளியே உள்ள பைப்பில் கரையோரத்து மீன்பிடிக் குடும்பங்கள் வந்து தண்ணீர் பிடிப்பார்கள். இலவசம். டாங்கி முடிந்ததும் இன்னொரு தடவை நிரப்புவேன். பிறகு சைக்கிளில் வீடு வீடாகப் போவேன், பின்னேரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். டாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஹட்டனுக்கு அனுப்பியிருந்தேன். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

முதலில் முறையிட்டவர் சபைக்கு வரும் வசந்தினி அக்கா.

"பிரதர், ரெண்டாந்தரம் நிரப்புற தண்ணி கரிக்கிது. அதில தேத்தண்ணி ஊத்தி மனிசனுக்குக் குடுத்தன். 'நான் கடலுக்குள்ள போயிட்டுத்தானே வாறன், வீட்டுக்குள்ளயும் கடலா?' எண்டு கேக்கிறார்."

அன்றுதான் மதிலுக்கு மேலால் பார்த்தேன். உம்மு தாத்தா ஒரு உப்பு மூட்டையைப் பிரித்து, கொதிக்கும் சாயப் பானையில் கை கையாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சாயத்துக்கு உப்பு தேவை. தண்ணீரில் கரைந்து நிற்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடுவது உப்புதான். இதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பக்கத்தில் உப்பு மூட்டை, கிணற்றில் உப்பு. சாயக் கழிவை அவர் கிணற்றடியில் ஊற்றுகிறார் என்று முடிவு கட்டினேன்.

போய்க் கேட்டிருக்கலாம். பத்து அடி தூரம். நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்கூடத்தில் நடக்கும் ஆராதனையில், பன்னிரண்டு பேருக்கு முன்னால், மைக்கைப் பிடித்து ஜெபித்தேன்.

"ஆண்டவரே, எங்கள் கிணற்றில் உப்புக் கழிவை ஊற்றுகிற அயலவர்களை மன்னியும். அவர்கள் மனதை மாற்றும்."

பன்னிரண்டு பேரும் ஆமென் என்றார்கள். சண்டைக்குப் போகாமல் ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டேன் என்று எனக்குப் பெரிய திருப்தி. ஜெபத்தில் ஒருவர்மேல் குற்றம் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. அவர் பதில் சொல்ல முடியாது.

மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்து வாளி கிணற்றில் விழவில்லை. உம்மு தாத்தா நான்கு வீடு தள்ளியிருந்த தங்கை வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு கையிலும் வாளியோடு வெயிலில் நடந்து வந்தார். ஒரு பானைக்கு எட்டு நடை. சாயம் போடும் அடுப்பையும் வளவின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்.

அப்படியும் ஒன்பது மணிக்குக் கிணறு கரித்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மண்ணில் ஊறிய பழைய உப்பாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை காலை நான்கு மணிக்குப் போன கரண்ட் பின்னேரம் ஐந்துக்குத்தான் வந்தது. மோட்டர் இல்லை. வந்தவர்களுக்கு வாளியால் அள்ளி ஊற்றினேன். ஒன்பது மணிக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். பன்னிரண்டுக்கும் நல்ல தண்ணீர். ஐந்து மணிக்கும் அப்படியே. உம்மு தாத்தா நிறுத்தியபோது உப்பு நிற்கவில்லை, மோட்டர் நின்றபோது நின்றது. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கடற்கரை மணலுக்குள் கீழே இருப்பது கடல் தண்ணீர். மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, அதனால் அதன்மேல் மிதக்கிறது. கடையில் பலூடா வாங்கினால் அடியில் சிவப்புச் சர்பத்தும் மேலே பாலும் நிற்குமே, அதுபோல. மேலாக மெல்ல உறிஞ்சினால் பால் மட்டும் வரும். குழாயை அடிக்கு விட்டு இழுத்தால் முதல் வாயிலேயே சர்பத் வந்துவிடும். மோட்டரின் உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடிவரை இறக்கியவன் நான்தான். ஆழத்தில் இருப்பது சுத்தமான தண்ணீர் என்பது மலைநாட்டில் வளர்ந்தவனின் கணக்கு. காலை ஒன்பது மணிக்குள் இரண்டாயிரம் லீற்றரை இழுத்தேன். நல்ல தண்ணீர் தாழ்ந்தது, அந்த இடத்துக்கு உப்பு ஏறியது. இராத்திரி முழுக்க மணலிலிருந்து நல்ல தண்ணீர் ஊறி வந்து உப்பை மறுபடி கீழே அமுக்கியது.

விளங்கிய சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். படலையில் பதியுதீன் காக்கா நின்றார்.

"என்ன பிரதர், இண்டைக்கு மைக்கில்லாம வந்திரிக்கீங்க?" என்றவர் உள்ளே திரும்பி, "உம்மு! உனக்கு மன்னிப்பு வாங்கித் தந்தவர் வந்திரிக்காரு" என்றார்.

உம்மு தாத்தா சாயக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தாத்தா, உப்பு உங்களால வரல. என்னோட மோட்டராலதான் வந்திருக்கு. நான் தப்பா சொல்லிட்டேன்."

"ஓம், எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"நான் கடக்கரையில பொறந்தவ தம்பி. நீங்க மோட்டர் பூட்டின அண்டைக்கே இவருக்கிட்டச் சொன்னன், தண்ணி கரிக்கப் போகுது எண்டு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இல்லாத சனத்துக்குத் தண்ணி குடுக்கிறீங்க. அதப் போய் எப்பிடி மறிக்கிற? மறுகா நூலெல்லாம் திட்டுத் திட்டாச் சாயம் புடிச்சி வரத் துவங்கிச்சி. சரி, கதைப்பம் எண்டு ஞாயித்துக்கிழமை மதிலடிக்கு வந்தன். நீங்க மைக்கில என்னப் பத்தித்தான் கதைச்சிக்கிட்டு இருந்தீங்க."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிருங்க தாத்தா" என்றேன்.

"ஒங்கட மன்னிப்புல நூல நனைக்க ஏலுமா? தண்ணிய நல்லாக்கித் தாங்க. பதினஞ்சி நாளில நாப்பது சாரத்துக்கு நூல் குடுக்கணும். திட்டு விழுந்தா அந்தத் தறிக்காரர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார். இன்னொண்டு, மைக்கில சொன்னத மைக்கிலயே எடுங்க. 'உம்மு கிணத்தக் கெடுக்கிறாவாமே' எண்டு கடையில வெச்சி இவரக் கேட்டிருக்காங்க."

"நான் 'அது ஜெபம், தீர்ப்பில்ல' எண்டு சொல்லிட்டு வந்தன்" என்றார் பதியுதீன் காக்கா. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் பெட்டியை மதில் பக்கம் திருப்பி வைத்தேன். "கிணற்றில் உப்பு வந்தது என் மோட்டரால். அடுத்த வீட்டார்மேல் ஒரு குற்றமும் இல்லை. விசாரிக்காமல், ஆண்டவரின் பெயரைச் சொல்லி நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"அப்ப நாங்க ஆமென் சொன்னது, பிரதர்?" என்று கேட்டார் வசந்தினி அக்கா.

"அதுவும் என் பிழைதான் அக்கா."

நடந்ததை ஹட்டன் சபைக்கும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

டாங்கியை நிறுத்திவிட முடியாது, கரையோரத்துக் குடும்பங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. அதனால் ஆறு நாள் அளந்து பார்த்தேன். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கிணற்றில் விட்டு, மோட்டரை ஐந்து நிமிடம், பத்து, பதினைந்து என்று ஓட்டி, ஒவ்வொரு தடவையும் குடித்துப் பார்த்தேன். பதினைந்தில், தேடினால்தான் தெரியும் அளவுக்கு, நாக்கு உப்பைக் கண்டுபிடித்தது. பத்தில் இல்லை. நான்கு மணி நேரம் விட்டால் நீர்மட்டம் பழைய முடிச்சுக்கு வந்துவிடும்.

ஏழாம் நாள் உம்மு தாத்தா அந்தப் பக்கத்தால் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கட்டு நூலை மட்டும் நனைத்தார். திட்டு விழவில்லை. அதன் பிறகு மற்ற நூலையும் எடுத்து வந்தார்.

இப்போது நடக்கிற முறை இது. உறிஞ்சு குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே மட்டும் நிற்கிறது. மோட்டர் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம்தான் ஓடும், அடுத்த தடவைக்கு நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவையில் டாங்கி ஒரு முறை நிறையும், இரண்டாம் முறை நிரப்புவதில்லை, குடும்பத்துக்கு இரண்டு குடம். உம்மு தாத்தா சாயம் போடும் நாளில் அவர் அள்ளி முடிக்கும்வரை மோட்டரைப் போடுவதில்லை. தண்ணீர் கரிக்கவில்லை.