லோவெல் ஊர் திரும்பிய விதம்

என் தம்பி லோவெல் போரில் இறந்த செய்தி எங்கள் மாளிகைக்கு வரவில்லை. எங்கள் அமெரிக்க நகரமான டொலிடோவில் போலந்துக்காரர்கள் வசிக்கும் தெருவில், ரொட்டிக்கடை மாடியில் குடியிருந்த யாட்விகாவுக்குப் போயிற்று. எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவள் அவள். பிரான்ஸுக்குக் கப்பலேறும் முன் லோவெல் அவளை ரகசியமாக மணந்திருந்தான்.

தந்தியை அவளே எடுத்துவந்தாள். அப்பா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"நான் அவரு பொண்டாட்டி. அவருக்கு ஒண்ணுன்னா எனக்குத்தான் சொல்லுவாங்க."

அம்மா அப்படியே சரிந்தாள். தாங்கிப் பிடித்தது யாட்விகாதான். அப்பா அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ராணுவம் கேட்டெழுதியது: உடல் பிரான்ஸிலேயே இருக்கட்டுமா, ஊருக்கு அனுப்பவா? முடிவு மனைவியுடையது. அவள் மறுமணம் செய்துகொண்டால்தான் அந்த உரிமை தகப்பனுக்கு வரும். அங்கேயே இருக்கட்டும் என்று யாட்விகா எழுதிவிட்டாள். கூடச் செத்தவர்களின் பக்கத்திலேயே புதைக்கப்பட வேண்டும் என்று லோவெல் அவளுக்கு எழுதியிருந்தானாம்.

பளிங்கில் குடும்பக் கல்லறை கட்டிவைத்திருந்த அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஆசை காட்டினார், மிரட்டினார். அவள் மசியவில்லை. ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னார்:

"அந்தப் பொண்ணுக்கு இருபத்திரெண்டு வயசுதானே ஹெஸ்டர்? எத்தனை நாள் தனியா கிடப்பா? நம்ம உலை ஃபோர்மேன் தடேயுஷ் நல்லவன். அவங்க ஆளுதான்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என்னையும் அப்படித்தான் கட்டிக்கொடுத்தார். புது உலைகளுக்குப் பணம் போட்ட வங்கிக்காரரின் மகன் என் கணவர். பதினோரு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், பேச ஒன்றுமில்லை.

"அப்பா, இது பாவம்."

"என் பிள்ளை எங்கேயோ சேத்துல கிடக்கிறது பாவமில்லையா?"

குரல் உடைந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

தடேயுஷ் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் யாட்விகாவோடு ஆற்றங்கரையில் நடந்தான். அவளைச் சிரிக்க வைத்தான். எட்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது. பத்தாம் நாள் அப்பாவின் மனு வாஷிங்டனுக்குப் போனது. தடேயுஷ் மேலாளரானான்.

1921 மார்ச்சில், கொடி போர்த்திய பெட்டி ரயிலில் வந்து இறங்கியது. கல்லறைப் பளிங்கில் லோவெலை, அப்பாவின் பெயரைப் போட்டு, பிராண்ட்ரெத்தின் மகன் என்று மட்டும் செதுக்கியிருந்தார்கள். அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு யாட்விகா என்னிடம் வந்தாள். அவள் வயிறு மேடிட்டிருந்தது.

"நேத்து கள்ளச்சாராயத்தைக் குடிச்சிட்டு தடேயுஷ் எல்லாத்தையும் கொட்டிட்டான். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அறைவாள் என்று நினைத்தேன். அவள் கையுறையின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்யப்போறே?" என்று கேட்டேன்.

"என்ன செய்யச் சொல்றீங்க? போய் அவனுக்குச் சோறாக்கணும்."

டிராம் நிற்கும் இடத்துக்கு மழையில் நடந்தாள். அப்பா காரிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.