லோசா கொண்டுவந்த பாய்

அப்பாவின் செத்தவீட்டுக்குப் பாட்டோடு வந்தவர்கள் பக்கத்து வீட்டு லோசா குடும்பத்தார் மட்டும்தான். சமோவாக்காரர். லோசாவுக்கும் என் அம்மாவுக்கும் விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் வேலை. பதினொரு வருடமாக இருவரையும் ஏற்றிப்போய் இறக்கியது அப்பாவின் கார். "இனி வேலைக்கு என் வான் வண்டியில் வா" என்று சவப்பெட்டிக்கு முன்னால் நின்று லோசா அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நாங்கள் குடியிருக்கும் மங்கரேயில் வேறு ஆளையும் தெரியாது.

பிறகு அவர்களின் பெண்கள் இருவர் ஒரு பாயை உயர விரித்துப் பிடித்தபடி உள்ளே வந்தார்கள். துணிபோல மெல்லிசு, ஓரத்தில் சிவப்பு இறகுகள். நாலு தலைமுறையாகத் தங்கள் குடும்பத்தில் இருந்தது, இனி உங்களுடையது என்று லோசா என்னிடம் சொன்னாள்.

நான் பல்கலைக்கழகத்தில் பசிபிக் பண்பாடு படிக்கிறேன். இந்த வகைப் பாயைப் பற்றி இரண்டாயிரம் சொல் எழுதி ஏ மைனஸ் வாங்கியவன். அதில் யாரும் உட்காருவதில்லை. அதைவிட உயர்ந்ததாகக் கொடுக்க அவர்களிடம் வேறொன்றும் இல்லை.

அவர்கள் போனதும் சோதிலிங்கம் பெரியப்பா பாயைத் தடவிப் பார்த்தார். "நல்ல பாய். ஆக்கள் வருகினம், விரியுங்கோ."

"பெரியப்பா, அது இருக்கிற பாய் இல்லை."

"பின்னை என்னடா, போர்க்கிறதோ?"

நாலு பேர் சிரித்தார்கள். செத்தவீட்டில் சிரிப்புக் காட்டியது போதுமென்று வாயை மூடிக்கொண்டேன். எட்டு நாளும் அதன்மேல் இருந்து சீட்டாடினார்கள். தேத்தண்ணியும் ஊற்றினார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து வீடு கழுவினோம்.

"செத்தவீட்டுப் பாய் உள்ளுக்குக் கிடக்கக் கூடாது. ரோட்டில கொண்டுபோய் வை தம்பி, குப்பை எடுக்க வருவாங்கள்."

"அம்மா, அது..."

"ஓம், ஓம். நீ படிச்சது காணும். தூக்கு."

தூக்கினேன். உடைந்த மின்விசிறிக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில், இறகு கசங்காமல் வைத்தேன். படித்தவன் அல்லவா.

மத்தியானம் வேலையால் வந்த லோசா வானை நிறுத்தினாள். பாயைப் பார்த்தாள். எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். தேத்தண்ணிக் கறையைச் சட்டைக் கையால் துடைத்து, மடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.

"ஐயோ பாவம்," என்றார் அம்மா, திரைச்சீலைக்குப் பின்னால் நின்று. "எங்கட குப்பையைப் பொறுக்கிக்கொண்டு போறாள். என்ன கஷ்டமோ."

அம்மா இரக்கமான மனுஷி. அன்று மாலையே என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் பாய் வாங்கி, என்னிடமே கொடுத்தனுப்பினார்.

லோசா கதவைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "அம்மா தரச் சொன்னார்" என்றுதான் வந்தது. அவள் அதை வாங்கி, முழுதாக விரித்து, முறைப்படி தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். விலைச்சீட்டு என் மூக்குக்கு நேரே தொங்கியது.

"உன் அப்பா நல்ல மனிதர்," என்றாள். கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குத் திரும்பும் நாள். காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு வாசல் கேற்றடியில் நின்றார், பக்கத்தில் நான். லோசாவின் வான் வெளியே வந்தது. எங்களைக் கடந்து போய்விட்டது.

"ஏன் தம்பி நிக்காமல் போறாள்? புதுப் பாயெல்லோ குடுத்தனாங்கள்."

"மறந்திருப்பா," என்றேன்.

அம்மா வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பஸ் நேரம் தேடினேன்.